நீலப் புகை நின்ற இடங்கள்

ஈரச் சாக்கை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஓங்கி அடித்தும் புகை கலையவில்லை, சாக்குதான் கிழிந்தது. குருவையா மூச்சு வாங்க நின்று பார்த்தார். தன் காரின் சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு மனிதனின் இடுப்புப் பருமனில், நீல நிறத்தில் அது நின்றது. மலையிலிருந்து இறங்கிய காற்றில் வாடகைக் கார் ஸ்டாண்டு வேப்பமரம் ஆடியது, டீக்கடைப் படுதா படபடத்தது, சக டிரைவர் கப்பலின் லுங்கி முழங்காலுக்கு ஏறியது. புகை மட்டும் நட்டுவைத்தது போல நின்றது.

"போதும்ணே, அது என்ன பண்ணுச்சு உங்கள," என்றான் கப்பல். ஸ்டாண்டிலேயே நீளமான வண்டி வைத்திருந்ததால் அந்தப் பெயர் வாங்கியவன். புகையின் மேல் ஒரு கையை ஊன்றிப் பார்த்தான், பிறகு முதுகைச் சாய்த்தான், பிறகு ஒரு காலை மடித்துப் பாதத்தையும் அதில் பதித்துக்கொண்டு பீடி பற்றவைத்தான். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் எண்ணெ நாத்தம். மத்தபடி நம்ம நிழற்குடைத் தூணுக்கு இது எவ்வளவோ தேவல."

"மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க, பக்கத்துல இன்னொண்ணு முளைச்சிறப் போகுது," என்று டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது.

குருவையா ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். சாவியை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். சாக்கால் அடித்த அலுப்பு என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு அப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இங்கே நிற்கிறதென்றால், அங்கேயும் நிற்குமா?

கூத்தன்கோம்பையில் அன்று விடிந்தபோது எழுந்து நின்றது அந்த ஒரு புகை மட்டுமல்ல என்பது முதல் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. குருவையாவின் கார் கோளாறு கண்டதிலிருந்து எங்கெல்லாம் இன்ஜினை அணைக்காமல் நின்றதோ அங்கெல்லாம், விட்ட புகை விட்ட இடத்தில் எழுந்து நின்றிருந்தது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் நின்றது, கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு வாசலில் நின்றது, கண் முகாமுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போன ஓய்வுபெற்ற தாசில்தார் உண்மையில் இறங்கிக்கொண்ட மதுக்கடைச் சந்தில் மற்றவற்றைவிடப் பருமனாக நின்றது. ஓடும்போது விட்ட புகை எப்போதும்போலக் காற்றோடு போயிருந்தது. நின்ற இடத்துப் புகைதான் நின்றது.

ஊர் இதைப் பற்றி வியந்து பேசி நேரத்தைக் கழிக்கவில்லை, உபயோகம் என்னவென்று பார்த்தது. டீக்கடைக்காரர் படுதாவின் கயிற்றைப் புகையில் கட்டிப் பார்த்தார், நின்றது. ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காத்திருந்தவர்கள் தூக்குவாளிகளை மாட்டினார்கள், நின்றது. காதணி விழா நடத்திய ஒருவர் இரண்டு புகைகளுக்கு நடுவே தன் குடும்பம் முழுவதையும் பிளெக்ஸில் அடித்துக் கட்டினார், அதுவும் நின்றது. மினிபஸ் கண்டக்டர்கள் 'பள்ளிக்கூடப் புகை எறங்கு, மண்டபப் புகை எறங்கு' என்று கூவப் பழகினார்கள். புகை நிற்கும் வீட்டில் கொசு இல்லை என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். சாய்ந்து நின்றவர்களின் முதுகில் படிந்த நீலம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை; வெளியூர்க் கல்யாணங்களில் அந்த முதுகுகளைப் பார்த்தே 'கூத்தன்கோம்பைக்காரங்க வந்துட்டாங்க, பந்தியில உக்கார வைங்க' என்று சொல்லலானார்கள். எங்கே போனாய் என்று யாரும் யாரையும் கேட்பது நின்றுபோனது, புகையைப் பார்த்தால் போதுமாக இருந்தது. தாசில்தாரின் மனைவி அந்தச் சந்துக்குப் போய்ப் புகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார், வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து தாசில்தார் தானாகவே தன் தட்டைக் கழுவி வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் காரில்தான் வந்தார்கள் என்பது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் குருவையாவின் வண்டியையே தேடிக் கூப்பிட்டார்கள். 'வாசல்ல கொஞ்ச நேரம் ஓட விடுங்க' என்று கேட்டுக்கொண்டார்கள்.

குருவையா எந்த வாசலிலும் நிலையாக நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் தெற்கே பார்த்தார்.

கோளாறு நேற்று வந்ததல்ல. முதலில் காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலம் வந்து மறைந்தது. பிறகு ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்க்கும்போதெல்லாம் அளவு இறங்கியிருந்தது. ஊற்றினார், இறங்கியது, ஊற்றினார், இறங்கியது, தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மேட்டில் இழுவை குறைந்தது. ஸ்டாண்டில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். நாசில் என்றான் ஒருவன், டர்போ என்றான் இன்னொருவன், கெட்டி ஆயில் ஊற்றுங்கள், புகை பயந்துவிடும் என்றான் கப்பல். எல்லாவற்றையும் செய்தார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியபோது, மனைவி நாச்சம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன் மேல் ஒட்டினார். ஷெட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. ஷெட்டில் விட்டால் வண்டி திரும்பிவரும்வரை மத்தியானங்களில் மணல்மேட்டுக்குப் போக முடியாது.

மணல்மேடு தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தேங்காய் நார் கம்பெனியை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. அங்கேதான் அவருடைய ஒரே மகள் பிரமிளா இருந்தாள். அருள்தாஸ் என்பவனைக் கட்டிக்கொண்டு அவள் போனபோது, அவன் வேறு சாதி என்பதால், நாச்சம்மாவின் அண்ணன் சின்னக்காளை பங்காளிகளையெல்லாம் கூட்டித் தலைமுழுக வைத்தார். பிறகு குலசாமி கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தின் மேல் ஒவ்வொருவராகக் கையடித்து, அவள் மிதிக்கிற மண்ணை மிதிக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். முதலில் அடித்தது அவர். அடுத்தது பெற்றவர்.

அதோடு சின்னக்காளை விடவில்லை. வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர், நாலு திசைக்கும் லாரி போய்வந்தது, எல்லா லாரிக்காரர்களிடமும் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். எதற்கு மச்சான் தேடுகிறீர்கள் என்று குருவையா ஒருமுறை கேட்டபோது, "எந்த மண்ணுன்னு தெரியாம எப்பிடி மாப்ள மிதிக்காம இருக்கறது?" என்றார். கொஞ்சம் யோசித்து, "சத்தியம் நமக்குத்தான். நம்ம மண்டியில சுமை தூக்குற ஆளுகளுக்குக் கெடையாது," என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவில்லை. வாழைத்தார் எண்ணுகிற குரலிலேயே சொன்னார்.

ஒருநாள் நார் கம்பெனிக்குச் சவாரி போன இடத்தில் குழாயடியில் மகளைப் பார்த்துவிட்டார் குருவையா. நாச்சம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும் என்பதல்ல, அழுதுகொண்டே கிளம்பிவிடுவாள் என்ற பயம். மறுநாள் மத்தியானம் சவாரி இல்லாமலே போனார். வாய்க்காலின் இந்தப் பக்கக் கரையில், புளியமரத்தடியில், அவள் வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். இறங்கவில்லை. டயர்தான் அந்த மண்ணில் இருந்தது, கால் இல்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை, அணைத்தால் வந்து சேர்ந்ததாக ஆகிவிடும், ஓடிக்கொண்டிருந்தால் போகிற வழியில் நின்றதாகத்தானே கணக்கு. அப்படித்தான் குலசாமியிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் துணி உலர்த்துவதைப் பார்த்தார், பாத்திரம் கழுவுவதைப் பார்த்தார், வயிறு பெருத்து நடை மாறியதைப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவள் வெளியே வரவில்லை. வெறும் கதவைப் பார்த்துக்கொண்டு இன்னும் அதிக நேரம் நின்றார். மழைக்கும் நின்றார், வெயிலுக்கும் நின்றார், வண்டி மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது.

புகை எழுந்த அன்று மத்தியானம் அவரால் பொறுக்க முடியவில்லை. பாலம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். பாலத்தின் மேலிருந்தே தெரிந்தது. ஊருக்குள் நின்றவையெல்லாம் ஒற்றைப் புகைகள். மணல்மேட்டுக் கரையில் ஒரு தோப்பே நின்றது. ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, புளியமரத்தின் தலைக்கு மேலே போய், ஒரே ஒரு வீட்டைப் பார்த்தபடி. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் இங்கேயும் ஒன்று நிற்கும். தாண்டிப் போய், நெடுந்தூரம் போய், வேறு வழியாகத் திரும்பி வந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சின்னக்காளை ஸ்டாண்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எல்லார் முதுகிலும் நீலம் ஒட்டியிருந்த ஊரில் அவர் முதுகில் மட்டும் ஒட்டியிருக்கவில்லை, அவர் எதிலும் சாய்ந்து நிற்பவரில்லை.

"என்னா மாப்ள, ஊரெல்லாம் ஒங்க பேருதான்."

"வாங்க மச்சான். வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"நம்ம லாரி டிரைவரு சொன்னான். மணல்மேட்டு வாய்க்கால்ல ஒரு நீலத்தோப்பு நிக்கிதாம். அது உங்க புகைதான?"

"நார் கம்பெனி மேனேஜருக்கு அடிக்கடி சவாரி."

"கம்பெனி வாசல் மேக்க இருக்கு. புகை கெழக்க நிக்கிதாமே."

குருவையா துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஞாயித்துக்கிழம ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வருவோம்," என்றார் சின்னக்காளை. "உங்க வண்டியிலயே. நான் கீழ எறங்க மாட்டேன். ஆளுக ரெண்டு பேரு வருவாங்க."

அவர் போன பிறகு டீக்கடையிலிருந்த எல்லோரும் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் மட்டும் பீடியை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "வண்டி மக்கர்னா ஷெட்டுக்குத்தான்ணே போகணும்."

குருவையாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் தரையில் கிடந்தால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. சனிக்கிழமை காலையில் கிளம்பியபோது கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் குறுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோளாறைச் சரி பண்ணுவதற்கு முன்னால் பந்தலின் நாலு மூலைக்கும் ஒவ்வொரு புகை விட்டுவிட்டுப் போகும்படி கேட்டார்கள், மூங்கில் விலை ஏறிவிட்டது என்றார்கள். அவர் ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டு போனார்.

பைபாஸில் இருந்தது சகாயமேரியின் ஒர்க்‌ஷாப். டிப்ளமோ படித்து, பெரிய கம்பெனி ஒன்றில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து சொந்தமாகத் தொடங்கியவர். கணவர் பெயின்ட் அடிக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டார், அவருக்கு மனைவியின் குரல் கேட்காமலிருக்க எப்போதும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

சகாயமேரி காருக்குள் உட்கார்ந்ததும் முதலில் பொட்டைத்தான் பார்த்தார். நகத்தால் கிள்ளி எடுத்து, ஸ்டியரிங் நடுவில் ஒட்டினார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"நெத்தியில வைக்க வேண்டியத விளக்குல வச்சிருக்கீங்க. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேரு வைத்தியம் பாத்தாங்க?"

"ஸ்டாண்டே பாத்துச்சும்மா."

"அதான பாத்தேன்."

இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தார். குப்குப்பென்று அடித்துக் கை ஈரமானது. அந்தக் கையைக் குருவையாவின் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்தது.

"பிஸ்டன் ரிங்கு போயிருச்சு. இன்ஜின இறக்கணும். ஆனா சவாரி ஓடித் தேஞ்ச மாதிரி இல்லண்ணே இது. ஓடுற வண்டி நல்லாச் சூடாகும், ரிங்கு சிலிண்டர் சுவத்தோட பொருந்தி உக்காரும். இது நின்ன இடத்துலயே மணிக்கணக்கா ஓடிருக்கு, அரைச்சூட்டுல. சுவரு கண்ணாடி கணக்கா வழுவழுன்னு ஆயிருக்கும், ரிங்குக்குப் பிடிமானம் இருக்காது, ஆயில் மேல ஏறி எரியும். எங்க நிறுத்தி வச்சீங்க இவ்வளவு நேரம்?"

குருவையா ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார்.

"ஏசியப் போட்டுத் தூங்குனீங்களா?"

"ஆமா."

"இந்த வண்டியில ஏசி பெல்ட்டே இல்லியே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சகாயமேரி கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, செயினையும் ட்ரேயையும் எடுத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

"ரிங்கு மாத்திட்டா புகை போயிருமா?" என்றார் குருவையா.

"இனிமே வராது."

"வந்தது?"

"வந்தது என் சோலி இல்ல. நான் இன்ஜினுக்குத்தான் பொறுப்பு. ஒண்ணு சொல்லுறேன், கேட்டுக்கங்க. புது ரிங்கு போட்டதும் மறுபடி போயி நின்னபடிக்கே ஓட விட்டீங்கன்னா இதே சீருதான். எங்கயோ போகணும்னா போங்க. போயிட்டா இன்ஜின அமத்திட்டு எறங்குங்க."

உச்சிவேளைக்குள் இன்ஜின் செயினில் தொங்கியது. ட்ரேயில் கறுப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. வெறுமையாக வாய் பிளந்திருந்த காரைப் பார்க்கப் பார்க்க, புகை எழுந்ததிலிருந்து முதல் தடவையாகக் குருவையாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அப்போதுதான் கப்பல் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, இறக்கியாச்சா? கமிட்டிக்காரங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. அப்புறம்..." அவன் குரல் தாழ்ந்தது. "உங்க மச்சான் வந்தாரு. வண்டி ஷெட்டுல கெடக்குன்னேன். அதனால என்ன, நம்ம லாரி இருக்குன்னாரு. ஞாயித்துக்கிழம வரைக்கும் எதுக்குன்னு இப்பவே கெளம்பிட்டாரு. மண்டி ஆளுக ரெண்டு பேரு பின்னாடி ஏறிருக்காங்க, டீசல் போட மொதல்ல பங்க்குக்குத் திரும்பிருக்கு லாரி. வழி தெரியுமான்னு கேட்டேன். எங்க மாப்ள அடையாளம் வச்சிருக்காரு, அது போதும்னாரு."

குருவையா தொங்குகிற இன்ஜினைப் பார்த்தார். "இத இப்ப மாட்ட முடியுமாம்மா?"

"என்னா, வெளையாடுறீங்களா?" என்றார் சகாயமேரி. அதற்குள் குருவையா ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.

மினிபஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ஆள் ஏறியது, கூடை ஏறியது, கோழி ஏறியது, டிரைவர் யாரிடமோ மாமியார் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குருவையாவின் வலது கால் இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கழுத்தை நீட்டி லாரி தெரிகிறதா என்று பார்த்தார். பாலத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கினார், விழப்போனார், நிமிர்ந்து நடந்தார், நடை ஓட்டமானது.

தார் ரோடு முடிகிற இடத்தில் மணல்மேட்டுச் செம்மண் தொடங்கியது. இத்தனை நாளும் அந்த இடத்தில் அவர் கியரை மாற்றுவார். இப்போது கால் ஒரு கணம் நின்றது, எரிகிற சூடத்தின் சூடு உள்ளங்கையில் பட்டது மாதிரி இருந்தது, பிறகு கால் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. யாரோ துணி துவைத்துவிட்ட தண்ணீரில் மண் குழைந்திருந்தது, செருப்பில் ஒட்டிக்கொண்டது.

புகைத்தோப்புக்குள் ஆடுகள் கட்டிக் கிடந்தன. நார் கம்பெனிப் பெண்கள் புகைக்குப் புகை கயிறு இழுத்து நாரை உலர்த்தியிருந்தார்கள், மத்தியானச் சோற்றை அதன் நிழலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே, பலகைப் பாலத்தை ஒட்டி, பிரமிளாவின் ஜன்னல் கம்பியிலிருந்து முன்வரிசைப் புகைக்கு ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

அவர் பலகைப் பாலத்தைத் தாண்டி நின்றார். பிரமிளா கொடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், தோளில் குழந்தை, வாயில் கிளிப். கிளிப்பை எடுத்துவிட்டு அவரையும், அவர் காலையும், அவருக்குப் பின்னால் இருந்த வெறும் பாதையையும் பார்த்தாள்.

"நடந்தா வந்தீங்க?"

"வண்டி ஷெட்டுல."

"நல்லவேளை," என்றாள். "அந்தச் சத்தம் ரொம்ப நாளாச் சரியில்லப்பா. மொதல்ல சீராத்தான் இருந்துச்சு. அப்புறம் வரவர மூச்சு எளைக்கிற மாதிரி ஒரு இழுப்பு. ஸ்டாண்டுல அத்தன பேரு இருக்காங்க, யாராச்சும் சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அவர் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார்.

"அவருகூட ஒருநா சொன்னாரு, உங்க அப்பா வண்டி ரிங்கு போச்சு, போயிச் சொல்லவான்னு. நாந்தான் வேணாம்னேன். எறங்குறப்ப எறங்கட்டும்னு."

"பிரமி, மாமா வர்றாரு. லாரியில. ஆளுகளோட. உள்ள போயிக் கதவச் சாத்து. இல்லன்னா பின்பக்கமா எங்கயாச்சும்..."

ஈரச் சட்டையை உதறிய அவள் கை நின்றது. வீட்டைப் பார்த்தாள், கம்பெனிப் பக்கம் பார்த்தாள், தலைக்கு மேலே நின்ற நீலத்தைப் பார்த்தாள்.

"நான் ஒளிஞ்சா போதுமா? இத எங்கப்பா ஒளிக்கிறது?" என்றாள். பிறகு, "இவளப் பிடிங்க, ரெண்டு கையும் வேணும்," என்று குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

லாரி அப்போதே வந்துவிட்டது. புகைத்தோப்பு நின்ற கரையில் இடம் போதாமல், வண்டிப்பாலம் வழியாகச் சுற்றி வீட்டுப் பக்கக் கரைக்கே வந்து, சரிவில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, பின்புறம் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றது. ஓட்டிவந்தது சின்னக்காளையேதான். பின்னாலிருந்து சுமைக்காரர்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். ஒருவரிடம் தார் அறுக்கிற அரிவாள் இருந்தது. அவர்கள் லாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லுக்காக நின்றார்கள்.

குருவையா குழந்தையோடு வாசலுக்கும் லாரிக்கும் நடுவே நின்றார். சின்னக்காளை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"எங்க நிக்கிறீங்கன்னு தெரியுதா மாப்ள?"

"தெரியுது மச்சான்."

"சூடம் அடிச்சது?"

"அடிச்சேன். இப்ப எறங்கிட்டேன்." குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "நீங்களும் எறங்குங்க. ஆளுகளவிட்டுச் செய்யச் சொல்லாதீங்க. எதுன்னாலும் எறங்கி வந்து நீங்களே செய்யுங்க. மொதல்ல நான் இருக்கேன், அப்புறம் இது, அப்புறம் அவ."

லாரிக் கதவு திறந்தது. ஒரு கால் படிக்கட்டுக்கு வந்தது, படியிலிருந்து கீழே வந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. வேட்டி ஓரம் காற்றில் ஆடியது. கம்பெனிப் பெண்கள் பருக்கையைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். அந்தக் கால் கீழே வரவில்லை, மேலேயும் போகவில்லை, வெகுநேரம் அப்படியே தொங்கிற்று. பிறகு உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி?" என்றார் அரிவாள் வைத்திருந்தவர்.

சின்னக்காளை போகச் சொல்லவுமில்லை, வரச் சொல்லவுமில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிரமிளாவுக்குக் காது குத்தினார்கள். அந்தக் காதுகளோடு அவள் பலகைமேல் கொடியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள், காய்ந்ததை எடுத்தாள், காயாததைத் திருப்பிப் போட்டாள், கிளிப் ஒன்று தவறி விழுந்தபோது குனிந்து எடுக்க வெகுநேரம் பிடித்தது. குழந்தை சிணுங்கியது. குருவையா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். யாராவது ஒருவர் பேசினால் போதும் என்று இருந்தது, பேசிவிடுவார்களோ என்றும் இருந்தது.

வெயில் சாய்ந்தது. லாரியின் புகை கறுப்பாக வந்து முதலில் காற்றோடு போய்க்கொண்டிருந்தது, பிறகு அவசரமில்லாமல் போனது, பிறகு போவதை விட்டுவிட்டது. நின்று நின்று கால் கடுத்த சுமைக்காரர்களில் ஒருவர் அதில் துண்டைத் தொங்கவிட்டார். அரிவாள் வைத்திருந்தவர் சாய்ந்து உட்கார்ந்தார். கம்பெனிப் பெண் ஒருத்தி போகிறபோக்கில் அவர்களிடம் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

சரிவில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால், பிரேக்கை மிதித்திருந்த சின்னக்காளையின் கால் அசரும்போதெல்லாம் லாரி பின்னால் ஒரு விரற்கடை நழுவியது. உடனே மிதித்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. நழுவியது, எரிந்தது. வாய்க்கால் விளிம்பிலிருந்து மண்கட்டிகள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

கம்பெனிச் சங்கு ஊதியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையெல்லாம் நார்த்தூசியோடு அருள்தாஸ் கரையில் வந்தான். சுமைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பிரமிளா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குருவையா ஓரடி முன்னே வைத்தார்.

அருள்தாஸ் சைக்கிளை லாரிப் புகையில் சாய்த்துவிட்டு, வாசலில் குழந்தையோடு நிற்பவரைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், லாரி ஜன்னலுக்குள் இருந்தவரைப் பார்த்தான். லாரி மறுபடி நழுவியது. அவன் கரையோரம் கிடந்த பெரிய கல் ஒன்றைப் புரட்டித் தூக்கி வந்து, பின்சக்கரத்துக்குக் கீழே வைத்து, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிச் செருகினான், லாரி நழுவுவது நின்றது. கையை உதறிக்கொண்டு, கால் கழுவ வாய்க்காலில் இறங்கினான்.